பெயர் விடுபட்ட பெண்

ஸ்காட்லாந்து நாட்டில், பெர்த் நகருக்கு அருகே ஸ்கூன் மாளிகை என்றொரு பழைய பிரபு மாளிகை உண்டு. பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ள அம்மாளிகையின் சேகரிப்பில், 1778-ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்ட ஒரு குடும்பச் சித்திரம் இருக்கிறது.

சித்திரத்தில் இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி வெள்ளைக்காரப் பெண். ரோஜா வண்ண உடையில், கையில் புத்தகத்துடன் அமர்ந்திருக்கிறாள். மற்றவள் கறுப்பினப் பெண். பளபளக்கும் பட்டாடை, இறகு செருகிய தலைப்பாகை, கை நிறையப் பழங்கள். எங்கோ விரைந்து போகிறவளை முதற்பெண் கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறாள். கறுப்புப் பெண்ணோ, தன் கன்னத்தில் ஒரு விரலை வைத்துக் குறும்பாகச் சிரிக்கிறாள். நம் கண் முதலில் அவளிடந்தான் போகிறது. ஆனால், 1904-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பொருட்பட்டியலில் எலிசபெத் சீமாட்டியின் பெயர் மட்டுமே காணப்பட்டது. மற்றவள் வெறும் பணிப்பெண் ஆகிவிட்டாள்!

அவள் பணிப்பெண் அல்லள். பெயர் டைடோ எலிசபெத் பெல், பிறந்தது 1761-இல். தந்தை கடற்படை அதிகாரி ஜான் லிண்ட்சே. தாய் மரியா, அடிமையாயிருந்த ஆப்பிரிக்கப் பெண். 1766-இல் இலண்டனில் ஞானஸ்நானம் பெற்றபோது பதிவேட்டில் தந்தை பெயர் 'பெல்' என்றுதான் எழுதப்பட்டது. லிண்ட்சேயின் பெயர் அங்கில்லை. இந்த லிண்ட்சே நமக்கு அந்நியரல்லர். ஆர்க்காட்டு நவாபிடம் ஆங்கில மன்னரின் தூதராகச் சென்னைக்கு வந்தவர்.

டைடோவை வளர்த்தவர் லிண்ட்சேயின் தாய்மாமனான மான்ஸ்பீல்டு பிரபு, இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. தாயை இழந்த எலிசபெத் அவருடைய அண்ணன் வழிப் பேத்தி. டைடோ சகோதரி வழிப் பேத்தி. நம் ஊர் முறைப்படி இவர்கள் மைத்துனிகள்! இருவரும் இலண்டனை அடுத்த கென்வுட் மாளிகையில் ஒன்றாகவே வளர்ந்தார்கள்.

ஒன்றாக என்றோம், சரிசமமாக என்று சொல்வதற்கில்லை. 1779-இல் அங்கு விருந்துக்குச் சென்ற தாமஸ் ஹட்சின்சன் (அமெரிக்காவில் ஆளுநராயிருந்தவர்) தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார்: உணவு முடிந்த பின்னரே டைடோ உள்ளே வந்தாள், காப்பி அருந்தியபின் தோட்டத்தில் உலாவும்போது இளம்பெண்களில் ஒருத்தி அவளோடு கைகோத்து நடந்தாள். சித்திரத்தில் காணும் அதே நெருக்கம்! ஆனால் சாப்பாட்டு மேசையில் இடமில்லை. பால்பண்ணையையும் கோழிகளையும் கவனிப்பது அவள் பொறுப்பாயிருந்தது.

1772-இல் இதே மான்ஸ்பீல்டு பிரபுதான், சாமர்செட் என்ற அடிமையை இங்கிலாந்திலிருந்து வலுக்கட்டாயமாகக் கொண்டுபோக எசமானனுக்கு உரிமையில்லை எனத் தீர்ப்பளித்தார். அப்படியிருந்தும், தம் மரணசாசனத்தில் டைடோ சுதந்திரமானவள் என்று தனியே எழுதிவைக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பு எல்லா அடிமைகளையும் விடுவித்துவிடவில்லை என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? டைடோவுக்கு 500 பவுனும் ஆண்டுக்கு 100 பவுனும் விட்டுச்சென்றார். எலிசபெத்துக்கோ 10,000 பவுன்.

பிரபு 1793-இல் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே டைடோ, ஜான் டேவினியர் என்பவரை மணந்தாள். 1804-இல், நாற்பத்து மூன்று வயதளவில் காலமானாள். சித்திரத்தில் இருப்பவள் இவளே என்பது 1980-களில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. நெடுங்காலம் சோபனி தீட்டியதாகக் கருதப்பட்ட அப்படம், டேவிட் மார்ட்டின் என்ற ஸ்காட்லாந்து ஓவியருடையது என 2018-இல் தெளிவாயிற்று.

டைடோவின் மகன் சார்லஸ் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியானார். தாத்தா தூதராக வந்திறங்கிய அதே சென்னை.