ஓடாத ரயிலுக்குப் பிரயாணிகள் எத்தனை பேர்?

இன்னும் ஓடத் தொடங்காத ரயிலில் எத்தனை பேர் ஏறுவர் என்று முன்கூட்டியே கூறல் இயலுமா? அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1972ஆம் ஆண்டு 'பார்ட்' என்னும் மின்சார ரயிற்சேவை ஆரம்பமாயிற்று. தொழிலுக்குச் செல்வோருள் நூற்றுக்கு 15 பேர் அதனை நாடுவர் என்பது உத்தியோகபூர்வமான மதிப்பீடு.

பொருளியல் அறிஞர் டானியல் மக்ஃபாடனோ, மக்கள் பஸ்ஸையும் மோட்டார் வண்டியையும் எவ்வாறு தெரிவு செய்கின்றனர் என ஆராய்ந்தார். கட்டணம், பிரயாண நேரம், நடை, காத்திருப்பு ஆகியவற்றை ஒவ்வொருவரும் சீர்தூக்கியே முடிவு செய்கின்றனர் என்று கொண்டு, நூற்றுக்கு 6.3 எனக் கணித்தார். நடைமுறையிற் கண்டது 6.2!

ஆகவே, வண்டியில் இருப்போரை எண்ணினால் மட்டும் போதாது; காத்து நின்று சலித்து வேறு வழி தேடியவர் மனத்தையும் அறிதல் வேண்டும்.