மில்லில் விரல் போனால் 'கத்ர்' என்று சொல்லிவிட்டு இருக்கலாமா?

சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கத்துப் பையன்கள் பெறுபேறு வரும்வரை சும்மா இருப்பதில்லை. சிலர் தோணிக்குப் போவார்கள், சிலர் வெங்காயத் தோட்டத்துக்கு. இன்னும் சிலர் தச்சுப் பட்டறையிலோ அரைக்கும் மில்லிலோ நிற்பார்கள். அப்படி மில்லுக்குப் போன எனது மாணவன் ஒருவனைச் சில மாதங்களின் பின் பாதையில் கண்டேன். ஸலாம் சொல்லிக் கை தந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. "கத்ர் சேர்" என்றான். அவனுடைய வாப்பாவும் அதையேதான் சொன்னார்.

கத்ரை நம்புவது நமது ஈமானின் பகுதி. ஆனால் அந்த மில்லின் பெல்ட்டுக்கு மூடி போடாமல் விட்டது மனிதன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மில்களில் உள்ள சாதாரண மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 தடவை சுற்றும். அதாவது விநாடிக்கு 24. எதுவோ இழுக்கிறது என்று உணர்ந்து கையைப் பின்னெடுக்க நமக்குக் கால் விநாடியாவது வேண்டும். அதற்குள் ஆறு சுற்று முடிந்துவிடும். மோட்டாரின் புல்லி 15 சென்ரிமீற்றர் அகலமானால் அந்த ஆறு சுற்றில் ஏறக்குறைய 2.8 மீற்றர் துணியை அது சுருட்டிவிடும். ஒரு முக்காட்டின் நீளமே கிட்டத்தட்ட இரண்டு மீற்றர்தான். "கவனமாக இருந்தேன்" என்பது இங்கே உதவாது. கவனத்தை விட இயந்திரம் வேகமானது.

ஆகவே மூடிதான் முதல் பாதுகாப்பு. கம்பி வலையால் ஒட்டறைக்காரர் அரைநாளில் செய்து தருவார். மில்லில் நிற்கும் சகோதரிகள் முக்காட்டின் நுனியையும் அபாயாவின் கையையும் ஏப்ரனுக்குள் செருகிக் கட்ட வேண்டும். ஹிஜாபுக்கு இதனால் குறை வராது. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். துளையிடும், சீவும் மெஷின்களில் அது நேர்மாறு. விரலுக்கு முன் கையுறை சிக்கி, விரலையும் கூட்டிக்கொண்டு போகும்.

எனது மாணவனுக்கு நடந்தது வேறு. கரண்ட் போயிருந்தது. அந்த நேரத்தில் துப்புரவு செய்வோம் என்று கையை உள்ளே விட்டான். சுவிட்ச் 'ஒன்'னிலேயே இருந்தது. கரண்ட் வந்தது.

2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்டில் இதை யாரும் அறியாமல் இருக்க முடியாது. சாதாரண சுவிட்ச் போட்ட மோட்டார் கரண்ட் வந்தவுடன் தானாக ஓடும். பச்சை, சிவப்பு பொத்தான் உள்ள காந்த ஸ்டார்ட்டர் பூட்டினால், பச்சையை மறுபடி அழுத்தும்வரை ஓடாது. அது இருந்தாலும் கை வைப்பதற்கு முன் மெயினை நிறுத்தி, பியூஸைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வதே நல்லது.

இதெல்லாம் புதிய விடயமல்ல. ஆபத்தான பாகங்களை மூட வேண்டும் என்று 1942 இன் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. 2021 இல் வேலைக்கான ஆகக் குறைந்த வயது 16 ஆனது. ஆனாலும் 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்த முடியாது. சாதாரண தரம் எழுதிய பிள்ளைக்கு எத்தனை வயது என்று மில் முதலாளிகளுக்குத் தெரியாதா? வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது பற்றிக் குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். கூலி வாங்கும் கையைப் பற்றி ஒரு குத்பாவும் நான் கேட்டதில்லை.

அவனுக்கு மருந்துச் செலவும் இரண்டு மாதச் சம்பளமும் கிடைத்தனவாம். "முதலாளி நல்லவர் சேர்" என்கிறான். இருக்கலாம். ஆனால் வேலையில் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு பெறுவது 1934 ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டப்படியான உரிமை. யாரும் போடும் ஸதகா அல்ல. இதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பத்து வருடம் படிப்பித்த நாங்களும் சொல்லவில்லை. வரும் திங்கட்கிழமை அவனையும் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு திருகோணமலை தொழில் அலுவலகத்துக்குப் போக இருக்கிறேன். வைத்தியசாலைத் துண்டுகளைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.