ரிஜிஸ்டர்ல பூஜ்ஜியம்னா நோயே இல்லைன்னு அர்த்தமா?

போன வருஷம் மழை சீசன்ல எங்க ஹாஸ்டல் ஃப்ளோர்ல எட்டுப் பேருக்குக் காய்ச்சல். ஆறு பேர் பொள்ளாச்சி, கோபி, தாராபுரம்னு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டாங்க. ஹாஸ்டல் நோட்டுல ஏறினது மீதி ரெண்டு பேர் மட்டும்தான். அடுத்த வாரம் அவங்களும் ஊருக்குக் கிளம்பிட்டாங்க. நோட்டுல பூஜ்ஜியம். காய்ச்சல் போயிடுச்சுன்னு கொசு மருந்து அடிக்கிறதையும் நிறுத்திட்டாங்க.

சென்சார் ஒயர் அறுந்தாலும் டிஸ்ப்ளேல 0 வரலாம்னு லேப்ல பார்த்திருப்பீங்க. நோய்க் கணக்குலயும் அதே சிக்கல்தான். போர் நடக்கிற ஊர்ல அந்தத் தப்பான பூஜ்ஜியத்தால உயிர் போகும்.

முதல்ல, அமைதியான ஊர்ல எப்படி எண்ணுறாங்கன்னு பார்ப்போம். பேறுகால மரண விகிதம்னா, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோட பிறக்கும்போது எத்தனை தாய்மார்கள் இறக்கிறாங்கங்கிற கணக்கு. பிரசவம் முடிஞ்சு 42 நாள் வரைக்கும் இதுல சேரும். தமிழ்நாட்டுல 2001-03ல இது 134, 2018-20ல 54. இதுக்கு ரெண்டு எண் வேணும். மேல இறந்தவங்க, கீழ பிறந்த குழந்தைகள். நம்ம ஊர்ல கர்ப்பம் உறுதியானதும் செவிலியர் அக்கா பிக்மி நம்பர் வாங்கச் சொல்றாங்க இல்லீங்களா? அந்தப் பதிவு இருந்தாத்தான் ஒரு தாய் எங்கே, எந்த மாசத்துல கவனிப்பிலிருந்து விடுபட்டாங்கன்னு தெரியும்.

போர் வந்தா மேல இருக்கிற எண்ணும் போயிடும், கீழ இருக்கிறதும் போயிடும். 1995 அக்டோபர் கடைசியில யாழ்ப்பாணம் நகரமே கிட்டத்தட்ட காலியாச்சு. லட்சக்கணக்கான மக்கள் வெளியேறினாங்க. அந்த மாதிரி நேரத்துல ஒரு ஆஸ்பத்திரியோட பதிவேட்டுல பிரசவ மரணம் குறைஞ்சிருந்தா என்னன்னு எடுத்துக்கிறது? தாய்மார்கள் பிழைச்சாங்களா, இல்லை ஆஸ்பத்திரிக்கே வர முடியாம வழியில இறந்தாங்களா? பதிவேட்டுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்போ போர்க்காலத்துல எந்தப் பூஜ்ஜியத்தை நம்புறது? இதுக்கும் இலங்கையிலேயே பதில் இருக்கு. 1999ல அங்க மலேரியா நோயாளிகள் 2,64,000-க்கும் மேல. அதுல பெரும்பகுதி போர் நடந்த வடக்கு, கிழக்குலதான். அதுக்கப்புறம் எண்ணிக்கை வேகமா இறங்குச்சு. ஆனா அந்த வருஷங்கள்லயும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரோட ரத்தத்தைச் சோதிச்சுக்கிட்டே இருந்தாங்க. மக்கள் வரலைன்னா நடமாடும் கிளினிக் அவங்க இருக்கிற இடத்துக்குப் போச்சு. சோதனை குறைஞ்சதால நோய் குறைஞ்ச மாதிரி தெரியுதுன்னு யாரும் சொல்ல முடியலை. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர்ல தொற்றிய மலேரியா ஒண்ணு கூட இல்லை. 2016 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடுன்னு சான்று கொடுத்துச்சு.

சரி, சோதனை பண்ணவே ஆள் இல்லைன்னா? சூடானோட தலைநகர் கார்டூம்ல 2023 ஏப்ரல்ல போர் தொடங்குச்சு. ஆஸ்பத்திரிகள் மூடிட்டாங்க, சாவைப் பதிய ஆளில்லை. லண்டன்ல இருக்கிற ஆய்வாளர்கள் அங்க ஒரு பழைய முறையைப் பயன்படுத்தினாங்க. நம்ம உக்கடம் பெரியகுளத்துல எத்தனை மீன் இருக்குன்னு கண்டுபிடிக்கணும்னு வைங்க. 100 மீன் பிடிச்சு, அடையாளம் போட்டு விட்டுடுங்க. மறுபடி 100 பிடிங்க. அதுல 10-ல அடையாளம் இருந்தா, குளத்துல சுமார் 1000 மீன். மீனுக்குப் பதிலா இறந்தவங்க பேர்ப் பட்டியல். இணையவழிக் கணக்கெடுப்பு ஒண்ணு, சமூக ஆர்வலர்கள் சேகரிச்சது ஒண்ணு, சோசியல் மீடியா இரங்கல் பதிவுகள் ஒண்ணு. ஒரே பேர் ரெண்டு பட்டியல்ல வர்றது குறைவா இருந்தா, எந்தப் பட்டியல்லயும் வராதவங்க நிறையப் பேர்னு அர்த்தம்.

கிடைச்ச விடை: கார்டூம் மாநிலத்துல முதல் 14 மாசத்துல 61,000-க்கும் மேல மரணங்கள். அதுல வன்முறையால இறந்தவங்க சுமார் 26,000 பேர்தான். மீதிப் பேரை நோய், பசி, சிகிச்சை இல்லாமைன்னு வேற காரணங்கள் கொண்டு போச்சு. பெரும்பாலான மரணங்கள் எங்கேயும் பதிவாகலை.

தாய்மார்களுக்குத் தனியா ஒரு வழி இருக்கு. 1989ல வெளியான 'சகோதரி முறை'. வீடு வீடாப் போய், "உங்ககூடப் பிறந்த அக்கா தங்கச்சிங்க எத்தனை பேர்? யாராவது கர்ப்பத்துலயோ பிரசவத்துலயோ, அதுக்கப்புறம் ஆறு வாரத்துக்குள்ளயோ இறந்தாங்களா?"ன்னு கேட்பாங்க. ஆஸ்பத்திரி எரிஞ்சு போனாலும் கூடப்பிறந்தவங்களுக்கு நினைவு இருக்கும். ஆனா இது பல வருஷத்துக்கு முந்தின நிலையைத்தான் சொல்லும். நாளைக்கு ஆம்புலன்ஸ் எங்கே அனுப்பணும்னு சொல்லாது.

அதனாலதான் போலியோ கண்காணிப்புல, நோயாளி யாரும் இல்லைன்னாலும் வாராவாரம் 'பூஜ்ஜியம்'னு எழுதி அனுப்பணும்னு விதி வச்சிருக்காங்க. காலியா விட்டா அது தகவல் இல்லைங்கிற கணக்கு. யாராவது நேர்ல போய் விசாரிக்கணும்.

டெங்குவோ வேற எதுவோ, குறையுதுன்னு ஒரு கிராஃப் உங்க கண்ணுல பட்டா, எத்தனை பேரைச் சோதிச்சாங்கன்னும் எத்தனை இடத்துல இருந்து தகவல் வரலைன்னும் கேளுங்க. இந்த வருஷம் எங்க ஃப்ளோர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஷீட் போட்டிருக்கோம். அதுல ஒரு காலம் 'காய்ச்சலோட வீட்டுக்குப் போனவங்க'. உங்க ஃப்ளோர்லயும் ஒண்ணு போடுங்க.