அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன செய்வது?

மேட்டுப்பாளையத்திலோ காரமடைப் பக்கமோ செக்கப்புக்குப் போனபோது, தாய்-சேய் நல அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ‘ஹை ரிஸ்க்’ (கூடுதல் கவனம் தேவைப்படும் கர்ப்பம்) என்று சொல்லிவிட்டார்களா? பயப்படாதீர்கள். ஆபத்து வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. எங்கே பிரசவம் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள் என்பதே அதன் பொருள்.

யாருக்கு ஒட்டுகிறார்கள்? ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவர்கள், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் போன்றோருக்கு.

‘எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?’ என்பீர்கள். அழுத்தமும் சர்க்கரையும் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால்தான் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. குளுக்கோஸ் குமட்டுகிறது என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

சரி, பிரசவம் எங்கே? எட்டாம் மாதத்துக்குள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: ‘என் நிலைமைக்கு இங்கேயே போதுமா, சீமாங்க் மையத்துக்குப் போக வேண்டுமா?’ சீமாங்க் என்பது இரவு பகல் எந்நேரமும் சிசேரியன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதியுள்ள அரசு மருத்துவமனைப் பிரிவு. கோவை ஜி.எச்.சுக்குப் போகச் சொன்னால், மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று நெரிசலைத் தாண்டி 35 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பில்லூர் பக்கத்து மலைக் கிராமம் என்றால் முதலில் சமவெளிக்கே இறங்கியாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு கட்டுமீறினால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். எனவே வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேதிக்கு எத்தனை நாள் முன்பு வந்து சேர வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் கூட வருவது, தேவைப்பட்டால் ரத்தம் கொடுக்க யார் யார் என்பதும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியவை.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறீர்களா? நம் ஊரில் கவனிப்பு அறுபடுவது பெரும்பாலும் இங்கேதான் என்று நினைக்கிறேன். கிளம்பும் முன் இங்கத்திய கிராமச் செவிலியரிடம் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அங்கத்திய செவிலியரைப் பாருங்கள். அட்டை, ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரும் எண்) எங்கே போனாலும் அதேதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

தாங்கமுடியாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், ரத்தப்போக்கு, நீர் உடைதல், குழந்தை அசைவு குறைதல், வலிப்பு: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், காசு கிடையாது. ‘ஹை ரிஸ்க்’ என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தை பிறந்ததும் எல்லாம் முடிந்ததா? இல்லை. அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் ஏறலாம். வீட்டுக்கு வந்த பின் தலைவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அப்போதும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சர்க்கரை இருந்தவர்கள் ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.