இரும்பு விழுங்கிய மரங்களும் ஒரு திருத்தக் கடையும்

மண்டைதீவு என்றால் இப்போது வெளியே தெரிவது இரண்டு செய்திகள். ஒன்று, 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க வேலையைத் தொடக்கிவைத்த சர்வதேச கிரிக்கெட் மைதானம். மற்றது, 1990 இல் காணாமல் போனவர்கள் கிணறுகளுக்குள் கிடக்கிறார்கள், தோண்டுங்கள் என்று உறவினர்கள் வைக்கும் கோரிக்கை. நான் எழுத வந்த விடயம் இவற்றைவிடச் சின்னது. மரம் வெட்டும் மெசினைப் பற்றியும், அதை விற்பதைவிடக் கூடுதலாகத் திருத்தி வாழும் சிறிய கடைகளைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் தீவுப்பகுதியில் எதை எடுத்தாலும் 1990 எங்கேயாவது குறுக்கே வரும். மரத்துக்குள்ளும் வருகிறது.

1990 ஓகஸ்ட் இராணுவ நடவடிக்கையோடு தீவுப்பகுதிச் சனம் வெளியேறியது. வருடங்கள் கழித்துத் திரும்பியவர்களுக்கு வளவு எது, காடு எது என்று தெரியவில்லை. வேலி இருந்த இடத்தில் வடலி. கிணற்றுக்கட்டில் ஆல். கூரை போன வீட்டுக்குள் வேம்பு. 2006 இல் அல்லைப்பிட்டிப் பக்கம் மறுபடியும் எறிகணை, மறுபடியும் இடப்பெயர்வு. இப்படி இரண்டு மூன்று தரம் கைவிடப்பட்ட காணியைக் கத்தியாலும் கோடரியாலும் துப்புரவாக்க மாதங்கள் வேண்டும். செயின்சோ இருந்தால் சில நாட்கள் போதும். அதனால்தான் வாழ்வாதார உதவி என்று வரும் பொருட்களில் தையல் மெசின், ஆடு, கோழிக்கூடு ஆகியவற்றோடு செயின்சோவும் இடம்பிடித்தது. கனடாவில் இருக்கும் மச்சான் காசு அனுப்புவார், அல்லது ஊர்ச்சங்கம் ஒன்று வாங்கிக் கொடுக்கும். கையளிக்கும் படம் முகநூலில் வரும். அந்த மெசின் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறது என்ற படம் வருவதில்லை.

பல மெசின்கள் திருத்தக் கடை ஒன்றின் பின்பக்கத்தில், கயிறு அறுந்து, பிஸ்ரன் இறுகிப்போய்க் கிடக்கின்றன. வேலணைப் பக்கத்தில் அப்படியொரு கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவரோடு சில நாட்கள் இருந்து பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்றார். கடை என்றால் ஒரு தகரக் கொட்டில், ஒரு மேசை, ஒரு இறுக்கி, சுவரில் ஆணியில் தொங்கும் சங்கிலிகள். ஒரு மூலையில் பாளைக்கத்தியும் வைத்திருக்கிறார். பனையைச் சீவுகிறவருக்கும் பனையைத் தறிக்கிறவருக்கும் ஒரே கடை.

"மெசின் வித்து நான் சாப்பிடேல்ல பிள்ளை. ஒரு மெசின் வித்தா அந்தக் காசு திரும்பக் கைக்கு வர ஒரு மழைக்காலம் போயிடும். அரம் போடுறதிலதான் அடுப்பெரியுது" என்றார்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெசின் பெரிய முதல். வாங்குகிறவரிடம் முழுக்காசு இராது. பாதி கொடுத்து மிச்சத்தைக் கொப்பியில் எழுதச் சொல்வார். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 அளவுக்குப் போனபோது, பழைய விலையில் கடன் கொடுத்தவர்கள் அதே பொருளை மறுபடி வாங்க முடியாமல் நின்றார்கள். ஆனால் சங்கிலி தேயும், அரம் தேயும், பிளக் போகும், கயிறு அறும். வேலை நடக்கும்வரை இவை போய்க்கொண்டே இருக்கும். தெரிந்த கடைக்காரர் சங்கிலியை ஆயத்தமாக அடைத்து வரும் பெட்டிகளில் வாங்கமாட்டார். 100 அடி உருளையாக வாங்கி, பற்களை எண்ணி, வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஆணி அடித்துக் கொடுப்பார். அதற்கு இரண்டு சிறிய கருவிகள் வேண்டும்: ஒன்று ஆணியைக் கழற்ற, மற்றது புதிய ஆணியின் தலையை விரித்து இறுக்க. அவை இல்லாத கடை, ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியையும் மாற்றச் சொல்லும்.

மெசின் ஏன் இவ்வளவு கெதியாகச் சாகிறது? முதற் காரணம் பெற்றோல். மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் தனியே ஒரு இடத்தில் நிற்கும். செயின்சோவின் இரண்டடி இயந்திரத்தில் அப்படி இல்லை. பெற்றோலோடு கலந்து போகும் ஒயில்தான் பிஸ்ரனுக்கு வழுக்கல். நல்ல இரண்டடி ஒயில் என்றால் 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். சாதாரண ஒயில் என்றால் அதன் இரண்டு மடங்கு. ஒருநாள் வெறும் பெற்றோலை ஊற்றி இழுத்தால் போதும், சிலிண்டரில் கீறல் விழும். பிறகு செலவு புதிய மெசின் விலைக்குக் கிட்டப் போய்விடும்.

இதில் எங்கள் பழைய கெட்டித்தனமும் ஒரு பகை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அன்று படித்த கைகள், 2022 தட்டுப்பாட்டில் கானில் பெற்றோல் கொடுப்பதை நிறுத்தியபோது அதைச் செயின்சோவிலும் செய்து பார்த்தன. அது அந்தப் பழைய, மெல்ல ஓடும் இயந்திரங்கள் தாங்கிய விளையாட்டு. இது அதைவிட எத்தனையோ மடங்கு வேகமாகச் சுற்றும் பொருள். மண்ணெண்ணெய் அதற்குள் நேரம் தப்பி வெடிக்கும், பிஸ்ரன் உருகும்.

இன்னொன்று கழிவு ஒயில். சங்கிலிக்கு ஒயில் போகும் தாங்கி தனி. அதற்கு வாகனத்தில் கழித்த கறுப்பு ஒயிலைச் சும்மா ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகள் கிடக்கும். பலகையின் தவாளிப்பை அரித்து, ஒயில் போகும் துளையை அடைத்து, வெட்டுகிறவரின் காற்சட்டையெல்லாம் தெறிக்கும். தோலில் நாட்பட ஊறினால் புற்றுநோய் ஆபத்தும் உண்டு.

அரம் போடுவது சின்ன வேலைபோலத் தெரியும். சங்கிலியின் கண்ணி இடைவெளியைப் பொறுத்து அரத்தின் பருமன் மாறும்: 4 மில்லிமீற்றர், 4.8, 5.2 அல்லது 5.5. ஒவ்வொரு பல்லையும் 30 பாகை அளவில், ஒரே திசையில், ஒரே எண்ணிக்கை இழுவையில் தீட்ட வேண்டும். இடப்பக்கம் ஐந்து இழுவை, வலப்பக்கம் மூன்று என்றால் மெசின் மரத்துக்குள் வளைந்து போகும். கூர் இருந்தால் சீவலாக விழும், மழுங்கினால் மாவாக விழும். மா விழும் சங்கிலியை அமத்தி அமத்தி வெட்டுகிறவர் பெற்றோலையும் தோள்மூட்டையும் சேர்த்து எரிக்கிறார்.

பல்லுக்கு முன்னால் ஒரு சிறிய மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளப்பது அது. பல்லைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாக வெட்ட ஆசைப்பட்டு இதைக் கூடத் தேய்த்துவிட்டால் சங்கிலி அளவுக்கு மீறிக் கடிக்கும். நுனியின் மேற்பக்கம் மரத்தில் முட்டும் நேரம் மெசின் முகத்தை நோக்கி எகிறும். சங்கிலி ஓடும் வேகம் செக்கனுக்கு 20 மீற்றருக்கு மேல். அதைத் தடுக்கத்தான் முன்கைப்பிடிக்கு மேலே ஒரு தடுப்புப் பிறேக் வைத்திருக்கிறார்கள். கடையில் நான் பார்த்த பழைய மெசின்கள் சிலவற்றில் அது கழற்றப்பட்டிருந்தது. "இடைஞ்சல்" என்பதாம். சாரத்தை மடித்துக் கட்டி, பாட்டாச் செருப்போடு, பிறேக் இல்லாத மெசினைத் தூக்கும் ஆட்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அப்படி வந்த ஒரு மெசினை அண்ணை திருத்தி முடித்தும் கொடுக்கவில்லை. பிறேக் சாமான் வரும்வரை கடையில் கிடக்கட்டும் என்றார். வந்தவர் கோபித்துக்கொண்டு போனார். ஒரு நாள் கூலி அவருக்கு, ஒரு வாடிக்கையாளர் இவருக்கு. சிறிய கடையில் இது சிறிய இழப்பில்லை.

தீவின் மண்ணும் மெசினுக்கு எதிரி. மணலும் சுண்ணாம்புக் கல்லும். விழுந்த மரத்தை அடிவரை அறுக்கும்போது சங்கிலி ஒரு கணம் நிலத்தில் பட்டால் அதோடு கூர் போய்விடும். உப்புக் காற்றில், ஒயில் பூசாமல் வைத்த சங்கிலி மாரி முடிய முன்னமே துருப்பிடிக்கும். பனை இன்னும் மோசம். வெளிப்பக்க வைரத்தில் மணற்சத்து இருக்கிறது, அது பல்லைத் தின்னும். நடுப்பக்கத்து நார் பல்சில்லைச் சுற்றி அடைக்கும். தறிக்கும்போது வேம்பைப்போல மெல்லச் சாய்ந்தும் தராது, திடீரென்று போகும்.

இனி, தீவுப்பகுதிக்கே உரிய பிரச்சினை. அண்ணையின் மேசையில் ஒரு பால்மாத் தகரம் இருக்கிறது. அதற்குள் துண்டு துண்டாக இரும்பு. மரங்களுக்குள் இருந்து வந்தவை. எறிகணைச் சிதறல், சன்னம், முள்ளுக்கம்பி, யாரோ மாடு கட்ட அடித்த ஆணி. ஒரு துண்டில் முட்டினால் போதும், ஒரு பக்கப் பற்கள் முழுவதும் போகும். சில வேளை சங்கிலி அறுந்து பறக்கும். ஒரு நாள் கூலி ஒரு சங்கிலியோடு போய்விடும்.

இதில் எல்லா மரமும் ஒன்றில்லை. வேம்பு, புளி, பூவரசு போன்றவை வருடாவருடம் பருக்கும் மரங்கள். காயத்தின் மேல் புதிய மரம் வளர்ந்து மூடிவிடும். 1990 இல் பாய்ந்த சிதறல் இன்று உள்ளே ஒரு சாண் ஆழத்தில் இருக்கலாம், வெளியே ஒரு அடையாளமும் இராது. பனை அப்படிப் பருக்காது. அதற்குக் காயத்தை மூடத் தெரியாது. அதனால் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய ஓட்டை இன்றும் அப்படியே தெரியும். தறிக்க முதல் பனையைச் சுற்றிவந்து பார்த்தால் போதும். வேம்பைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. பட்டையில் காரணமில்லாத புடைப்பு, வெட்டுமுகத்தில் திடீரென்று கருநீலக் கறை ஆகியவைதான் கிடைக்கும் எச்சரிக்கை. கறையைக் கண்டால் மெசினை நிறுத்திக் கோடரியால் கொத்திப் பார்க்க வேண்டும்.

ஜேர்மனியின் ஹூர்ட்கன் காட்டில் 1944 செப்டெம்பர் தொடக்கம் 1945 பெப்ரவரி வரை சண்டை நடந்தது. அந்தப் பக்கத்து மரத்தில் சிதறல் இருக்கும் என்ற பயம் மர ஆலைகளுக்கு இன்னும் போகவில்லை. அங்கே உலோகம் காட்டும் கருவியால் குற்றியைத் தடவிப் பார்த்த பிறகு வாளுக்குக் கொடுப்பார்கள். இங்கே அந்தக் கருவியோடு வளவுக்குள் நடந்தால் புலிகளின் தங்கம் தேடுகிறார் என்று பொலிஸ் வந்து நிற்கும். கடினப் பொருள் பதித்த, தீயணைப்புப் படைகள் பாவிக்கும் சங்கிலிகளும் உலகில் உண்டு. விலை பல மடங்கு, தீட்டுவதற்கு வைரச் சில்லு வேண்டும். எங்கள் கூலிக்காரருக்கு அது ஒத்துவராது. ஒரு விடயம் மட்டும் பேரம் இல்லாதது. வேரடியிலோ கொத்திய மண்ணிலோ குழாய்போல, உருண்டையாக ஏதேனும் கண்டால் தொடக்கூடாது. அடையாளம் வைத்துவிட்டு விலகி, பொலிஸுக்கோ அந்தப் பகுதியில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் அமைப்புக்கோ சொல்ல வேண்டும்.

சட்டத்தையும் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. 1951 இன் 9 ஆம் இலக்க மரம் வீழ்த்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. சொந்த வளவில் நின்றாலும் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். 2019 இல் செயின்சோக்களைப் பொலிஸில் பதிய வேண்டும் என்றும் அரசாங்கம் அறிவித்தது. காடழிப்பைத் தடுக்க என்று கொண்டுவந்த விதி. நியாயமானதுதான். ஆனால் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொண்டுபோய்ப் பொலிஸில் கொடுப்பது இங்கே வெறும் படிவ வேலை இல்லை என்பது எழுதிக் காட்டத் தேவையில்லாதது. பற்றுச்சீட்டு இல்லாமல் வெளிநாட்டில் இருந்து வந்த மெசின்களின் சொந்தக்காரர் இன்னும் தயங்குகிறார்கள். அண்ணை விற்கும் ஒவ்வொன்றுக்கும் இயந்திர இலக்கம் எழுதிய சீட்டுக் கொடுக்கிறார். பனங்குற்றி காவலரணுக்குப் போன காலத்தில் இழந்த பனைகளே போதும், இனி அனுமதி இல்லாமல் ஒன்றும் விழக்கூடாது என்பது என்னுடைய கட்சி. அவர் இதற்குத் தலையாட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

மண்டைதீவில் மெசின் நின்றால் பண்ணைப் பாலம் தாண்டி நகரத்துக்குக் கொண்டுபோகலாம், அரை நாளோடு போய்விடும். நெடுந்தீவுக்காரருக்குக் குறிகட்டுவான் வரை படகு, பிறகு பஸ், சாமான் இல்லை என்றால் மறுபடியும் அதே பயணம். ஒரு பிளக்குக்காக இரண்டு நாட் கூலி. ஆகவே வெளிநாட்டில் இருந்து உதவுகிறவர்களிடம் நான் கேட்பது, அடுத்த மெசினுக்கு முன்னால் ஏற்கெனவே கொடுத்ததைப் பற்றி விசாரியுங்கள். இரண்டு சங்கிலி, ஒரு பெட்டி அரம், பிளக், காற்று வடி, ஹெல்மெற், கால் காக்கும் காற்சட்டை ஆகியவற்றின் மொத்த விலை பெரும்பாலும் இன்னொரு மெசினுக்குள் அடங்கும். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒரு இளம் ஆளை இப்படியான கடை ஒன்றில் மூன்று மாதம் நிற்க வைத்துச் சம்பளம் கொடுத்தாலும் நல்லது.

சங்கிலி அனுப்புவதென்றால் மெசினின் பெயர் போதாது. பலகையை மூடும் தட்டைக் கழற்றினால், இயந்திரத்துக்குக் கிட்ட, பலகையில் இலக்கங்கள் பொறித்திருக்கும்: கண்ணி இடைவெளி, தவாளிப்பின் அகலம், கீழ்ப்பற்களின் எண்ணிக்கை. தேய்ந்து வாசிக்க முடியாவிட்டால் பழைய சங்கிலியை நிலத்தில் விரித்து, பற்களை இரண்டு தரம் எண்ணிப் படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பல் குறைந்தால் சங்கிலி பலகையில் ஏறாது, ஒன்று கூடினால் இறுகாது.