பேராதனையில் மாணவர் வாழ்க்கை

நமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவரைக் காணும்போதெல்லாம் அவர்கள் என்னிடம் வினவுவது ஒன்றேயாகும்: இவ்வாண்டு வெட்டுப்புள்ளி எவ்வளவாக இருக்கும் என்பது. பல்கலைக்கழகத்துட் புகுதற்கு வேண்டிய புள்ளியைப் பற்றி ஈராண்டு காலம் இரவும் பகலும் எண்ணுகின்ற தம்பிமார், புகுந்த பின்னர் அங்கே எவ்வாறு வாழ்வது என்பது பற்றி ஒரு வினாவேனும் எழுப்பக் கேட்டிலேன். கேளாத வினாவிற்கு விடை கூறுதல் முதியோர்க்கு இயல்பு. ஆதலின் இவ்விழா மலரின் சில பக்கங்களை அதற்கே பயன்படுத்துகிறேன்.

யான் கற்றது பேராதனையில், 1960களின் நடுப்பகுதியில். அதன் பின்னர் யாழ்ப்பாணத்திலேயே 1974ஆம் ஆண்டில் ஒரு வளாகம் தோன்றி, இன்று தனிப் பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. எனினும் பொறியியலும் பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் பிறவும் கற்க நம் பிள்ளைகள் இன்றும் மலைநாடு செல்கின்றனர். வீட்டிலிருந்து சைக்கிளிற் சென்று வரும் கல்வி வேறு. வீட்டை விட்டுச் சென்று வாழும் கல்வி வேறு.

பேராதனையை வகுத்தோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தே வகுத்தனர். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906ஆம் ஆண்டிலேயே சங்கம் அமைத்துப் போராடியவருள் தலையாயவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் தோன்றியது. அடுத்துப் பல்கலைக்கழகம் எங்கே அமைதல் வேண்டும் என்ற வாதம் எழுந்தது. கொழும்பே என்றனர் ஒரு சாரார். கண்டிப் பகுதியே என்றனர் மற்றொரு சாரார். பின்னவரின் கருத்து, மாணவர் நகரத்தின் ஆரவாரத்தினின்று நீங்கி ஆசிரியரோடும் தம்மோடும் ஒருங்கு வாழ்தல் வேண்டும் என்பதாகும். முடிவில் அதுவே வென்றது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களை முதல் உபவேந்தராகக் கொண்டு ஆயிரத்துக்கும் குறைந்த மாணவருடன் கொழும்பிலே தொடங்கிற்று. கலைப்பீட மாணவர் பேராதனையிற் குடியேறியது 1952இல். 1954இல் எலிசபெத் அரசியார் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் அதனைத் திறந்து வைத்தார். அதற்கு முன்பே அது திறந்துதான் கிடந்தது என்பதனால், வழக்கத்தினும் சிறிது அதிகமாகத் திறந்து வைப்பதாக அவர் நகைச்சுவையோடு மொழிந்தாராம்.

யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் மாணவனுக்கு முதலில் வியப்பூட்டுவது ஆறு. நமக்கு ஆறு என்று சொல்லத்தக்கது மாரிகாலத்து வழுக்கியாறு ஒன்றே. அதனையும் கோடையில் தேடவேண்டும். அங்கோ மகாவலி வளாகத்தை ஊடறுத்து ஓடுகின்றது. ஒருபுறம் அந்தானை மலை. மலைக்கும் ஆற்றுக்கும் இடையே கலகா வீதியின் இருமருங்கும் விடுதிகளும் விரிவுரை மண்டபங்களும் நூலகமும் பரந்து கிடக்கின்றன. ஏறக்குறைய 700 ஹெக்டேயர் பரப்புடைய இடத்திலே ஒரு விரிவுரையிலிருந்து மற்றொரு விரிவுரைக்கு ஓட்டமும் நடையுமாகச் செல்லும் மாணவன், ஒரு மாதத்துள் மெலிந்துவிட்டான் என்று தாயார் கவலையுறுவது பெரும்பாலும் நடையினாலேயே, உணவினால் அன்று. உணவும் சிறிது காரணந்தான் என்பதை மறைப்பானேன்?

விடுதிகளே பேராதனையின் உயிர்நிலை. அருணாசலம், அவர்தம் தமையனார் இராமநாதன், ஜயதிலக, மார்ஸ், சங்கமித்தை, ஹில்டா ஒபேசேகர என அவை பெயர் பெற்றுள்ளன. தொடக்கத்தில் ஒருவருக்கு ஓர் அறை என்றே வகுக்கப்பட்டது. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மரபைத் தழுவிக் கறுப்பு அங்கி அணிந்து உண்ணும் விருந்துகளும், உயர்மேசையில் அமரும் விடுதித் தலைவரும், வெள்ளை உடுத்த பரிசாரகரும் அக்காலத்துக் காட்சிகள். முள்ளும் கரண்டியும் பிடிக்கத் தெரியாத கிராமத்துப் பிள்ளைகள் அடுத்திருப்பவனைப் பார்த்து உண்ண, அவன் மற்றொருவனைப் பார்த்து உண்ட கதைகள் பல. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி, சில ஆண்டுகளில் அம்மண்டபங்களின் வாயிலையும் தட்டிற்று. அறையில் இருவராயினர், பின்னர் மூவர், நால்வர் ஆயினர். அங்கி மறைந்தது, பரிசாரகர் மறைந்தனர், சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்கும் காலம் வந்தது. இதனை வீழ்ச்சி என்று வருந்தும் மூத்தோர் உளர். யான் அவ்வாறு வருந்துபவன் அல்லேன். அங்கி அணிந்து உண்டவர் சில நூற்றுவர். இன்று ஒன்பது பீடங்களிலே பதினாயிரத்தின் மேற்பட்டோர் கட்டணமின்றிக் கற்கின்றனர். நெருக்கத்துக்குரிய விலை அது. ஆனால் அந்நெருக்கத்திலே நாம் இழந்த பொருள் ஒன்று உண்டு.

1960ஆம் ஆண்டு முதல் கலைப்பீடத்திலே தமிழும் சிங்களமும் போதனா மொழிகளாயின. தாய்மொழியிற் கற்கும் உரிமை பெற்றோம். அஃது உயர்ந்த பேறு. அதே வேளையில் வரலாற்றைத் தமிழ் மாணவன் ஒரு மண்டபத்திலும் சிங்கள மாணவன் மற்றொரு மண்டபத்திலும் கற்கலாயினர். மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலே நின்றமையால் அப்பீடங்களில் இப்பிரிவு நேரவில்லை. எம்மைப் போன்ற கலைப்பீடத்தாருக்கு எஞ்சியிருந்த பொதுவிடம் உணவு மேசை ஒன்றே. மாத்தறையிலிருந்து வந்த ஒரு நண்பர் எனக்கு எதிரே அமர்வார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. இருவரது ஆங்கிலமும் ஒருவரையொருவர் அஞ்சிற்று. பருப்புக்கும் உப்புக்கும் பெயர் கேட்டுத் தொடங்கிய பாடம் மூன்றாண்டிலே அரசியல் வாதம் வரை வளர்ந்தது. எந்தப் பாடவிதானத்திலும் இல்லாத அப்பாடம் என் பட்டத்தினும் நீண்டகாலம் எனக்குப் பயன்பட்டது.

அக்காலத்துப் பேராதனையின் பெருமை நாடகம். மலைச்சரிவிலே இயற்கையாய் அமைந்த பள்ளத்தில் திறந்தவெளி அரங்கு உண்டு. சிங்கள மாணவர் அதனைக் குழி எனப் பொருள்படும் ‘வள’ என்னும் சொல்லால் அழைப்பர். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அவர்கள் 1956இல் ‘மனமே’யையும் 1961இல் ‘சிங்கபாகு’வையும் உருவாக்கினார். அவர் ஆராய்ந்த நாடகம் என்னும் சிங்களக் கூத்து வகை, நம் நாட்டுக்கூத்தோடு உறவுடையது. இதனைக் கண்ட சு. வித்தியானந்தன் அவர்கள், மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவருக்குப் பயிற்றுவித்து மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும், ‘வாலிவதை’ 1967இலும் வந்தன. விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துட் சுருக்கி, ஆட்டத்தின் வேகம் குன்றாமற் காப்பது எளிய செயலன்று. எம்முட் பலருக்கு அதுவரை கூத்து என்பது ஊர்ப்புறத்தார் ஆடுவது. படித்தவன் தூர நின்று பார்ப்பது. மட்டக்களப்பிலிருந்து வந்த சக மாணவன் காலில் சதங்கை கட்டித் தாளம் பிசகாமல் ஆடியபோது, ஆங்கில நாடகங்களை உருப்போட்டு வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளாகிய எமக்குச் சிறிது வெட்கமும் பெரிய பொறாமையும் உண்டாயின. அவன் ஊரில் அவனுடைய பெரியப்பாவும் ஆடுவாராம். அதனை அதுவரை எம்மிடம் அவன் சொல்லத் துணிந்ததில்லை.

தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ இதழும், மலைமேல் நிற்கும் குறிஞ்சிக்குமரன் ஆலயமும், ஏட்டுச் சுவடிகளும் நிறைந்த நூலகமும் தனித்தனிக் கட்டுரைக்குரியன. நூலகத்தைப் பற்றி ஒன்று மட்டும்: தமிழிற் கற்பவனும் ஆங்கிலத்தில் வாசியாது அங்கே தேறுதல் அரிது. இதனை முதலாண்டிலேயே உணர்ந்தவன் பிழைப்பான்.

அழகைச் சொல்லி அல்லலை ஒளித்தல் முறையன்று. 1970களின் தரப்படுத்தல் நம் கல்லூரிகள் பலவற்றின் மாணவரை வாயிலிலேயே தடுத்தது. பின்னர் வந்த மாவட்டப் பங்கீடு, வசதி குன்றிய மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு வழி திறந்தது என்பதையும் உடன் சொல்லவேண்டும். 1983 மே மாதத்திலே பேராதனை விடுதிகளில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். 1989இல் தெற்கின் கிளர்ச்சியும் அதனை அடக்கிய கொடுமையும் அவ்வளாகத்தின் உள்ளேயே பிணங்களைக் காட்டின. அந்த மரநிழல்கள் இவற்றையும் கண்டவை.

இனிப் பகிடிவதை. பகிடி என்பது சிரிப்பு. வதை என்பது கொலைக்கு அண்மையது. 1975இல் பேராதனை விடுதி ஒன்றிலே பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் வாழ்நாள் முழுதும் நடக்க இயலாதவரானார். 1997இல் பொறியியற்பீடத்துப் புதுமுக மாணவர் ஒருவர் அக்கொடுமையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டில், 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. கடுங்காயம் விளைப்போர்க்குப் பத்தாண்டு வரை மறியல் விதித்தது. இருந்தும் வதை ஒழிந்திலது.

ஏன் ஒழிந்திலது? மாணவரிடையே ‘குப்பி’ என்றொரு வழக்கம் உண்டு. பரீட்சை நெருங்கும் வேளையில் விளங்கியவன் ஒருவன் விளங்காதவரை இருத்திப் பாடஞ் சொல்லுவதே குப்பி. குப்பி விளக்கின் பெயரே இதற்கு வந்தது என்பர். சிரேஷ்ட மாணவர் தம் பழைய குறிப்புகளைத் தருவர். அறை தேடித் தருவர். நோயுற்றால் வைத்தியரிடம் அழைத்துச் செல்வர். இந்தக் கையும் வதைக்கும் கையும் பல வேளைகளில் ஒன்றே. எதிர்த்தவனுக்குக் குறிப்பும் இல்லை, குப்பியும் இல்லை, அணியில் இடமும் இல்லை. வீட்டை விட்டு வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சட்டத்தினும் இவ்விலக்கம் அச்சந் தருவது. வதைப்போர் பெரும்பாலும் வேற்று மொழியினரும் அல்லர். தன் மொழியினரே, தன் ஊரவரே, சில வேளை தன் கல்லூரியினரே. ஒருங்கு வாழ்தலே ஆசிரியன் என்று கருதி விடுதிகளைக் கட்டியவர், அவ்வாசிரியன் எதனையும் கற்பிப்பான் என்பதைச் சிந்தித்தனரோ அறியேன்.

ஆதலின் இப்போது பேராதனையிலிருக்கும் நம் கல்லூரித் தம்பிமாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் குறிப்புகளையும் குப்பியையும் புதியவர்க்கு விலையின்றிக் கொடுங்கள். முழந்தாளிட வைத்த பின்னர் கொடுப்பது விலைக்குக் கொடுப்பதேயாகும். பழைய மாணவர் சங்கத்தாரும், ஆண்டுதோறும் பரிசுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, முதலாண்டு மாணவர்க்கு வேண்டிய நூல்களையும் குறிப்புகளையும் திரட்டிக் கல்லூரியிலேயே வைத்தல் கூடும். எவரிடமும் இரக்க வேண்டாதவனை வதைத்தல் எளிதன்று.

இவ்வாண்டு செல்லவிருப்போர்க்கு: கம்பளிப் போர்வை ஒன்றும் நல்ல குடை ஒன்றும் மறவாது கொண்டு செல்க, மார்கழிப் பனியை யாழ்ப்பாணத்துச் சாரம் தாங்காது. 1990இல் அறுந்த வடபாதை 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டது. எங்கள் காலத்தைப் போலவே நீங்களும் பொல்காவலையில் இறங்கிக் கண்டிப் புகைவண்டிக்கு மாறலாம். அவ்வண்டி எந்த மேடைக்கு வரும் என்பதை அங்கே நிற்பவர் ஒருவரிடம் சிங்களத்திலேயே கேட்டுப் பாருங்கள். பிழையாகக் கேட்டாலும் அவர் சரியான மேடையையே காட்டுவார்.