டிரம் இல்லாத ஜாஸ் கச்சேரி

டிரம் இல்லை, பியானோ இல்லை, பாஸ் கித்தார் இல்லை. நாலே சாக்ஸபோன். "அப்போ தாளம் யாருப்பா போடுவாங்க?" என்று கேட்பீர்கள்.

அமெரிக்காவின் 'வேர்ல்ட் சாக்ஸபோன் குவார்ட்டெட்' 1981 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மேடையில் வாசித்த ஒலிப்பதிவில் இதற்குப் பதில் இருக்கிறது. ஜூலியஸ் ஹெம்ஃபில், ஆலிவர் லேக் இருவரும் ஆல்டோ. டேவிட் முர்ரே டெனர். ஹாமியட் புளூயட் பாரிடோன்.

சூட்சுமம் பாரிடோனில்தான். காற்றுக்குழாய் நீண்டால் அதிர்வெண் குறையும். நம்ம பிசிக்ஸ் லேபில் ஒத்ததிர்வுக் குழாயில் பார்த்த அதே சங்கதி! பாரிடோனின் குழாய் ஆல்டோவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நீளம். ஒலியோ ஒரு ஸ்தாயி கீழே. 'ஹாட்டி வால்' என்ற உருப்படியில் புளூயட் அந்தக் கனத்த குரலில் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப ஊதுகிறார். அதுதான் தாளம், அதுதான் அஸ்திவாரம். மற்ற மூவரும் அதன்மேல் மாடி கட்டுகிறார்கள்.

அவருக்கு மூச்சு வாங்கினால் கட்டடமே ஆட்டம் காணும். மேடையில் ரீ-டேக் கிடையாது. அதனால் நால்வரும் ஊதிக்கொண்டே ஒருவரையொருவர் உன்னிப்பாகக் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கவனம்தான்.

கேசட்டோ சி.டி.யோ கிடைத்தால், முதல் தடவை பாரிடோனை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். டிரம் இல்லையே என்ற நினைப்பே வராது!